முதலில் யார் பணம் போகும்?

தாராவி 90 அடிச் சாலையில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய சேமிப்பு ஒரு கூட்டுறவு வங்கியில் முடங்கிப்போனது. "மூலதனம் என்று கொஞ்சம் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டுமாமே, அதை எடுத்து எங்களுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்கிறார். படித்தவர்களிடமும் இதே எண்ணம்தான் இருக்கிறது. 'வங்கிகள் மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டும்' என்று செய்திகளும் எழுதிப் பழகிவிட்டன.

பெட்டியில் இருப்பது ரொக்கம். அதற்குத் தனிக் கணக்கு உண்டு. ஒரு வங்கி 100 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது, அதில் 92 ரூபாய் டெபாசிட்தாரர்களுடையது, 8 ரூபாய் பங்குதாரர்கள் போட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த எட்டுதான் மூலதனம். அதுவும் கடனாக வெளியே போய்விட்டது. கடனில் 5 ரூபாய் திரும்பாவிட்டால் பங்குதாரர்களின் எட்டு மூன்றாகிவிடும்; டெபாசிட்தாரர்களின் 92 அப்படியே நிற்கும். 10 ரூபாய் போய்விட்டால் எட்டும் கரைந்து, டெபாசிட்டில் 2 ரூபாய் பள்ளம் விழும். நட்டம் வரும்போது வரிசையில் முதலாவதாக நிற்கும் பணத்துக்குத்தான் மூலதனம் என்று பெயர்.

1974இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி விழுந்த பிறகு, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பல நாட்டு வங்கிக் கண்காணிப்பாளர்களின் குழு ஒன்று அமைந்தது. மூலதனம் குறைந்தது 8 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று 1988இல் அது வரம்பு வைத்தது. நம் ரிசர்வ் வங்கி கேட்பது 9. அதன் மேல் காப்புத் தொகையாக 2.5, ஆக 11.5 சதவீதம்.

எதில் 11.5? இந்தக் கேள்வியில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது. கொடுத்த கடனை அப்படியே கூட்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடர் எடை உண்டு. மத்திய அரசுப் பத்திரத்துக்கு எடை பூஜ்யம். சிறிய வீட்டுக் கடனுக்கு 35 சதவீதம் வரை இறங்கும். ஈடில்லாத தனிநபர் கடனுக்கு 2023 நவம்பரில் 125 ஆக உயர்த்தினார்கள். அதே 100 ரூபாயை வீட்டுக் கடனாகக் கொடுத்தால் சுமார் 4 ரூபாய் மூலதனம் போதும். தனிநபர் கடன் என்றால் 14 ரூபாய்க்கு மேல் வேண்டும்.

நிறுவனங்களுக்கான எடை, கடனைத் திருப்பித் தரும் திறனுக்காக அவை பெறும் தரமதிப்பீட்டோடு நகரும். மூன்று 'ஏ' (AAA) பெற்ற நிறுவனத்துக்கு 20, மூன்று 'பி' (BBB) என்றால் 100. அந்த நிறுவனம் ஒரு தவணைகூடத் தவறவிடாமல் தரத்தில் மட்டும் இறங்கினாலும், அதே கடனுக்கு வங்கி ஐந்து மடங்கு மூலதனம் காட்ட வேண்டும்!

இதைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்தச் சோதனையைப் பாருங்கள். மும்பை ஃபோர்ட்டிலிருந்து ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு இருமுறை நிதி நிலைத்தன்மை அறிக்கை வெளியிடுகிறது. பொருளாதார வளர்ச்சி சரிகிறது என்று ஒரு கெட்ட காலத்தைக் கற்பனை செய்து, வாராக்கடன் எவ்வளவு ஏறும், மூலதனம் எவ்வளவு தேயும் என்று அதில் கணக்கிடுகிறார்கள். பங்குதாரர்கள் புதிதாக ஒரு ரூபாயும் போட மாட்டார்கள் என்பது நிபந்தனை.

ஒரு வங்கிக்கு எடையிட்ட கடன் 100, மூலதனம் 14. நட்டத்தில் 2 போகிறது. மீதி 12 இருக்கிறதே, 11.5க்கு மேல்தானே என்று தோன்றும். ஆனால் நட்டத்தைக் கொண்டுவந்த அதே மந்தம் மற்ற நிறுவனங்களின் தரத்தையும் கீழே தள்ளியிருக்கும். எடையிட்ட கடன் 108 ஆகிவிட்டது. 12ஐ 108ஆல் வகுத்தால் 11.1. பின்னத்தின் மேலெண் தேயும்போதே கீழெண்ணும் வீங்குகிறது. வங்கி வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. இனி பங்குதாரர்களுக்கு விருப்பம்போல் ஈவுத்தொகை கொடுக்க முடியாது. பள்ளிக்கூடப் பின்னக் கணக்கில் இத்தனை பெரிய ஆபத்து ஒளிந்திருப்பதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2024 ஜூன் அறிக்கையில் வணிக வங்கிகளின் மொத்த மூலதன விகிதம் 16.8 சதவீதம். கடுமையான அழுத்தத்தில் ஓராண்டில் அது 13.0 ஆகக் குறையும், எந்த வங்கியும் 9க்குக் கீழே போகாது என்று கணித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் எந்த வங்கி எங்கே நிற்கிறது என்று பெயரோடு சொல்வதில்லை. அமெரிக்காவில் 2009இலேயே பெரிய வங்கிகளின் முடிவுகளைப் பெயர் சொல்லி வெளியிட்டார்கள். பெயர் சொன்னால் பீதி கிளம்பும் என்பது இங்கே சொல்லப்படும் காரணம். எனக்கு உடன்பாடில்லை. எண் தெரியாத இடத்தைத்தான் வதந்தி நிரப்புகிறது. மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், கோவிலுக்கு எதிரில் கிளை இருக்கிறது என்பதற்காகவே ஆயுள் சேமிப்பை ஒரு வங்கியில் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கைக்கு எட்டும் மொழியில் அவருக்கு வேறு எதையும் யாரும் கொடுக்கவில்லை.

இட்லி வியாபாரிக்கு என் பதில் இதுதான். உங்கள் வங்கியில் முதல் வரிசைப் பணம் கடனோடு போய்விட்டது. எடுத்துக் கொடுக்கப் பெட்டியில் எதுவும் இருந்திருக்காது. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு; கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும். அடுத்த முறை பணம் போடும் முன் அந்த வங்கியின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூலதன விகிதம் என்ற ஒரு வரி இருக்கும். சிறிய நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி என்றால் குறைந்தது 9, பெரிய நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகளுக்கு 12. அதற்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பாருங்கள்; போன ஆண்டைவிட இறங்கியிருந்தால் ஏன் என்று மேலாளரிடம் கேளுங்கள்.