கட்டாத கடனும் கணக்கில் வர வேண்டும்

சென்ற வருடம் மே மாதம், துண்டும் பெட்ஷீட்டும் நெய்யும் கம்பெனி முதலாளி ஒருவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்தார். இருபது வருடப் பழக்கம். உட்காரக்கூட இல்லை. “ஆடிட்டர் சார், நான் வாங்காத கடனை என்கிட்ட கேக்கறாங்க” என்று ஒரு கவரை நீட்டினார்.

உள்ளே பேங்க் நோட்டீஸ். ஏழு வருடத்துக்கு முன்னால் மச்சான் தன் மில்லுக்கு ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) வாங்கியபோது, இவருடைய கம்பெனி கேரண்டி கொடுத்திருக்கிறது. போர்டு தீர்மானத்தின் நகலும் கூடவே பின் அடித்திருந்தது. நீல மையில் அவர் கையெழுத்து, கீழே அவர் மனைவியின் கையெழுத்து, பக்கத்தில் சாய்வாக விழுந்த கம்பெனி சீல். “சும்மா ஃபார்மாலிட்டிதான்னு சொன்னாங்க சார். வீட்ல கல்யாண வேலை, போட்டுக் கொடுத்துட்டேன்.”

அந்த ஏழு வருட பேலன்ஸ் ஷீட்டிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு வருடமும் நான் எழுதிக் கேட்பேன், அவரும் ‘கேரண்டி எதுவும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுத் தருவார். மனதறிந்து பொய் சொல்லவில்லை. அவருக்கு அது கடனாகவே தோன்றவில்லை, அவ்வளவுதான். கம்பெனி சொத்து எதையும் அடமானம் வைக்காமல் கொடுத்த கேரண்டி என்பதால் கம்பெனிப் பதிவாளரிடமும் பதிவு இருக்காது. எதிரே உட்கார வைத்து, “சொந்தக்காரங்க யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கீங்களா?” என்று நான் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன்.

“முதல்ல மச்சான் மில்லை வித்துட்டு, மீதிக்குத்தானே என்கிட்ட வரணும்?” என்றார். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. பேங்க் நேராக அவரிடமே வரலாம். கட்டிய பிறகு மச்சானிடம் கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது. ஆனால் மச்சானிடம் பணம் இருந்திருந்தால் அந்த நோட்டீஸே வந்திருக்காதே!

கம்பெனிகள் சட்டம் 2013இன் மூன்றாவது அட்டவணை, இப்படி நாளைக்கு நம் தலையில் விழக்கூடிய பொறுப்புகளுக்கென்றே இடம் வைத்திருக்கிறது. கொடுத்த கேரண்டி, நாம் ஒத்துக்கொள்ளாமல் வழக்கில் இருக்கும் தொகை, ஆர்டர் கொடுத்துவிட்டு இன்னும் வந்து இறங்காத மெஷினுக்குப் பாக்கி, எல்லாவற்றையும் பேலன்ஸ் ஷீட்டின் குறிப்புகளில் காட்ட வேண்டும். பணம் போகத்தான் போகிறது என்று தெரிந்துவிட்டால் குறிப்பு போதாது, கணக்கிலேயே ஒதுக்க வேண்டும்.

நம் ஊர் தறிக்காரர்கள் அதிகம் தடுமாறுவது, மெஷினுக்கு வரிச் சலுகை தந்து பதிலுக்கு ஏற்றுமதி கேட்கும் ஈ.பி.சி.ஜி. லைசென்ஸில். வெளிநாட்டுத் தறியை சுங்கவரி கட்டாமல் இறக்கலாம் என்பது மட்டும் காதில் விழுகிறது. மிச்சமான வரி 40 லட்சம் என்றால், அதைப்போல 6 மடங்கு, அதாவது 2 கோடி 40 லட்சத்துக்கு 6 வருடத்தில் ஏற்றுமதி காட்ட வேண்டும். அதிலும் பாதி முதல் 4 வருடத்துக்குள். ஏற்கெனவே செய்துவரும் சராசரி ஏற்றுமதி இதில் சேராது. தவறினால் வரியும் வட்டியும் கட்ட வேண்டும்.

இந்த லைசென்ஸ் வாங்கிய ஒருவர் கரூர் எக்ஸ்போர்ட்டர் வழியாகச் சரக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். எல்லாம் கணக்கில் ஏறும் என்று நிம்மதியாக இருந்தார். ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லை வாங்கிப் பார்த்தால் எக்ஸ்போர்ட்டர் பெயர் மட்டும்தான் இருந்தது. இவர் பெயரும் இல்லை, லைசென்ஸ் நம்பரும் இல்லை. சரக்கு கடல் தாண்டிப் போனது உண்மை. ஆனால் அதை இவர் செய்த ஏற்றுமதி என்று காட்ட வழியில்லை.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான். சிறு சப்ளையருக்குப் பணம் கொடுக்க 45 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல 3 மடங்கில் மாதக் கூட்டு வட்டி. பழைய ஆட்கள் ஓய்வு பெறும்போது கிராஜுவிட்டி, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். பத்துப் பேர் ஒரே சமயத்தில் போனால் என்ன ஆகும் என்று ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த முதலாளி வக்கீல் வைத்துப் பேசி, பேங்கில் தவணை வாங்கினார். தறி விரிவாக்கத்துக்கு வைத்திருந்த பணம் அதில் போய்விட்டது. இந்த ஏப்ரலில் வரும்போது ஒரு நீள நோட்டு கொண்டு வந்தார். அவர் மனைவியின் கையெழுத்தில், யாருக்கு, எந்தப் பேங்கில், எவ்வளவு, எப்போது முடியும் என்று நான்கு கட்டம் போட்டிருந்தது. மச்சானுடையதை முதலில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு இருந்தன. அந்த இரண்டும் எனக்கும் புதுசு.