கடவுச்சொல் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை: லினக்ஸ் மின்ட்டின் நுழைவுச் சுழல்

கடவுச்சொல்லை அடித்து எண்டர் தட்டியதும் திரை ஒரு நொடி கறுக்கிறது. பிறகு மறுபடியும் அதே கடவுச்சொல் திரை. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாலும் அதேதான். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்துக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய், பென் டிரைவை எடுத்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவிவிடுவது உண்டு. அது தேவையே இல்லை. பெரும்பாலும் உங்கள் கோப்புகள் அப்படியே பத்திரமாக இருக்கும். கால் மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

முதலில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கடவுச்சொல் தவறு என்றால், தவறு என்று திரையே சொல்லிவிடும். கறுத்துவிட்டுத் திரும்புகிறது என்றால் கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது. உங்கள் பெயரில் அமர்வு தொடங்கி, தொடங்கிய கையோடு நின்றுபோயிருக்கிறது. ஆகவே கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை; அமர்வு ஏன் நின்றது என்றுதான் தேட வேண்டும்.

மின்ட்டில் கடவுச்சொல் கேட்கும் நிரலின் பெயர் லைட்டிஎம். நீங்கள் நுழையும்போது அது 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண்ணை உருவாக்கி, உங்கள் ஹோம் கோப்புறையில் .எக்ஸ்ஆத்தாரிட்டி என்ற மறைகோப்பில் எழுதுகிறது. திரையில் எதையாவது வரைய விரும்பும் நிரல் ஒவ்வொன்றும், அது பேனலானாலும் சன்னலானாலும், திரையைக் கவனித்துக்கொள்ளும் எக்ஸ் சர்வர் என்ற நிரலிடம் இந்த எண்ணைக் காட்டியாக வேண்டும். கோப்பில் எண்ணை எழுத முடியவில்லை என்றால் காட்டுவதற்கு எதுவும் இல்லை. அனுமதி மறுக்கப்படும், அமர்வு முடியும், லைட்டிஎம் மறுபடி கடவுச்சொல் கேட்கும். எழுத முடியாமல் போவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள்: டிஸ்க்கில் இடமில்லை, அல்லது அந்தக் கோப்பு உங்களுடையதாக இல்லை.

இதைப் பார்க்க டெஸ்க்டாப் வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; சில லேப்டாப்களில் எஃப்என் விசையும் சேர வேண்டும். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும். கடவுச்சொல் அடிக்கும்போது நட்சத்திரக் குறிகூடத் தெரியாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைக்காமல் முழுவதும் அடித்து எண்டர் தட்டுங்கள். உள்ளே போய்விடும், ஏனென்றால் எழுத்துத் திரைக்கு அந்த ரகசிய எண் தேவையில்லை. பழைய திரைக்குத் திரும்ப அதே விசைகளோடு எஃப்7. (கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி எழுதி, அடைப்புக்குள் ஆங்கிலத்திலும் தந்திருக்கிறது. அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லப்பட்டிருக்கும்.)

முதல் கட்டளை டிஎஃப் -எச் (df -h). அதில் / என்று முடியும் வரியைப் பாருங்கள். அளவு 49ஜி, பயன்பாடு 47ஜி, மீதி 0, 100% என்பதுபோல் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 49-இல் 47 போனால் 2 இருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று, அதாவது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்குக்கென்று, ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க் நிரம்பினாலும் அமைப்பின் சேவைகள் மூச்சுவிட அந்த இடம். கடவுச்சொல் திரை மட்டும் ஒழுங்காக வருவதன் ரகசியமும் இதன் பக்கத்தில்தான்: அதற்கு வேண்டிய தற்காலிகக் கோப்புகள் /ரன் என்ற இடத்தில், அதாவது ரேமில் இருக்கின்றன. டிஸ்க்கில் எழுத வேண்டிய உங்கள் கோப்புதான் மாட்டிக்கொள்கிறது.

இடத்தைத் தின்றது யார்? சூடோ டியூ -எக்ஸ்எச்டி1 / (sudo du -xhd1 /) என்று கொடுத்தால் மேல்மட்டக் கோப்புறைகளின் அளவு வரும்; சூடோ என்பது ரூட் அதிகாரத்தில் ஓட்டச் சொல்வது. மின்ட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது /டைம்ஷிஃப்ட். அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் அருமையான கருவி அது; ஆனால் பிரதிகளை ரூட் பிரிவிலேயே (டிஎஃப்பில் / என்று கண்ட அதே இடம்) சேமிக்க விட்டால் நாளடைவில் அந்தப் பிரிவை நிரப்பிவிடும். ரூட் அதிகாரத்தில் ஓடுவதால் ஒதுக்கிய அந்த 5 சதவீதத்தையும் அதனால் நிரப்ப முடியும்.

அந்தப் பிரதிகளை அழிப்பதற்கு முன் கொஞ்சம் இடம் பண்ணிக்கொள்வது நல்லது. சூடோ ஏபிடி கிளீன் (sudo apt clean), பதிவிறக்கி வைத்த பொதிகளை நீக்கும். நிறுவிய மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம் (sudo journalctl --vacuum-size=200M) பழைய பதிவுகளைக் கழிக்கும்; அந்த எம் மட்டும் பெரிய எழுத்து. பிறகு சூடோ டைம்ஷிஃப்ட் --டெலீட் (sudo timeshift --delete). பிரதிகளின் பட்டியலைக் காட்டி எதை நீக்குவது என்று கேட்கும். கோப்புறைக்குள் புகுந்து கையால் அழிக்காதீர்கள்.

ஒரு பிரதியை நீக்கியும் இடம் அவ்வளவாகக் கூடவில்லையே என்று பலர் குழம்புவது இங்கேதான். லினக்ஸில் கோப்பின் உள்ளடக்கம் ஒன்று, அதன் பெயர் வேறு. உள்ளடக்கத்தை ஐநோடு என்ற பதிவு பிடித்து வைத்திருக்கிறது. பெயர் என்பது அதைச் சுட்டும் முகவரி மட்டுமே. ஒரே ஐநோடுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். அவைதான் ஹார்ட் லிங்க். ஆர்சிங்க் என்ற கோப்புப் பிரதி முறையில் டைம்ஷிஃப்ட் எடுக்கும் முதல் பிரதி முழுமையானது. அடுத்தடுத்த பிரதிகளில், மாறாத கோப்புகளுக்குப் பழைய ஐநோடுக்கே புதுப் பெயர் வைக்கிறது. ஒரு பிரதியை அழித்தால் ஒரு பெயர் போகும்; கடைசிப் பெயரும் போனால்தான் இடம் திரும்பும். எனவே நாலைந்து பிரதிகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். அதுவும் போதாவிட்டால் கடைசியையும்.

இதே விதி வேறோர் இடத்திலும் புதியவர்களைக் குழப்பும். பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை அழித்தும் டிஎஃப் அதே எண்ணைக் காட்டும். ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போனாலும் பிடி விடவில்லை. அந்த நிரலை நிறுத்தினாலோ கணினியை மறுதொடக்கம் செய்தாலோ இடம் வந்துவிடும்.

இடம் தாராளமாக இருந்தும் சுழல் நிற்கவில்லையா? எல்எஸ் -எல் .எக்ஸ்ஆத்தாரிட்டி (ls -l .Xauthority) என்று பாருங்கள். இதில் எக்ஸ் பெரிய எழுத்து, முன்னால் புள்ளி. உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தால், வரைகலை நிரல் எதையோ சூடோ போட்டுத் திறந்ததன் விளைவாக இருக்கலாம். எம்வி கட்டளையால் (mv .Xauthority .Xauthority.old) அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டு நுழையுங்கள். புதிய கோப்பு தானாக உருவாகும். இதற்கு சூடோகூட வேண்டாம். ரூட்டின் கோப்பை நாம் எப்படிப் பெயர் மாற்ற முடியும்? பெயர்ப் பட்டியலை வைத்திருப்பது கோப்புறை. ஹோம் கோப்புறை உங்களுடையது. பெயர் மாற்ற, கோப்புறையில் எழுதும் உரிமை போதும்.

அரிதாக /டிஎம்பி கோப்புறையின் அனுமதி கெட்டுப்போயிருக்கும். எல்எஸ் -எல்டி /டிஎம்பி (ls -ld /tmp) தரும் வரியின் முதல் பகுதி டி (t) என்ற எழுத்தில் முடிய வேண்டும். இல்லையென்றால் சூடோ சிஹெச்மாட் 1777 /டிஎம்பி (sudo chmod 1777 /tmp).

இவை எதுவுமில்லை, என்விடியா வரைகலை அட்டை உண்டு, அண்மையில் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) புதுப்பித்தீர்கள் என்றால், புதிய கெர்னலுக்கு அந்த அட்டையை இயக்கும் டிரைவர் கட்டப்படாமல் போயிருக்கலாம். மறுதொடக்கத்தின்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்து (யூஈஎஃப்ஐ முறையில் தொடங்கும் புதிய கணினியில் எஸ்கேப்பைத் தட்டி) கிரப் என்ற தொடக்கப் பட்டியலைக் கொண்டுவந்து, மேம்பட்ட விருப்பங்களில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் டெஸ்க்டாப் வந்துவிட்டால் டிரைவர் மேலாளரைத் திறந்து பரிந்துரைக்கப்பட்ட டிரைவரை மறுபடி நிறுவுங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை, டைம்ஷிஃப்ட் அமைப்பில் சேமிக்கும் இடத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது. வேறு டிஸ்க் இல்லையென்றால் தினப் பிரதிகளை இரண்டாகக் குறைத்து, வார, மாதப் பிரதிகளை நிறுத்திவிடுங்கள்.