தலைவர் முதலில் பேசினால்

தோட்டத்துக் கோயில் கமிட்டிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று இலங்கை மலையகத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. "இந்த வருஷம் தேரைக் கீழ் டிவிசன் வரைக்கும் கொண்டுபோவோம்" என்பார் தலைவர். மழை பெய்தால் அந்தப் பாதையில் சக்கரம் புதையும் என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது அங்கே இருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாரும் வாய் திறக்காததால், மற்றவர்களுக்கெல்லாம் சம்மதம்தான் போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். "அப்ப எல்லாருக்கும் சரிதானே?" தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும்.

யேல் பல்கலைக்கழக உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972இல் இதைத்தான் 'குழுச் சிந்தனை' என்று விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட கூட்டம் வெள்ளை மாளிகையில் நடந்தது. 1961 ஏப்ரலில், கியூபாவிலிருந்து வெளியேறியவர்கள் சுமார் 1,400 பேருக்குப் பயிற்சி கொடுத்து, காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க, அந்த நாட்டின் பன்றிகள் விரிகுடாவில் இறக்கிவிட்டது அமெரிக்கா. மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது; பெரும்பாலோர் பிடிபட்டார்கள். திட்டம் தேறாது என்று ஜனாதிபதி கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் கூட்டங்களில் அவர் பேசவில்லை. ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார், இனி அவருக்குத் துணையாக நில்லுங்கள் என்று ஒரு விருந்தில் அவரைத் தனியே அழைத்துச் சொன்னவர் ஜனாதிபதியின் தம்பி ரொபர்ட் கென்னடி. தலைவரின் காதுக்கு மாற்றுக் கருத்து போகாமல் பார்த்துக்கொள்ளும் இப்படிப்பட்டவர்களை 'மனக் காவலர்கள்' என்றார் ஜானிஸ். நம் சங்கங்களிலும் இவர்களுக்குப் பஞ்சமில்லை.

படித்தவர்களே ஏன் இப்படி அடங்கிப் போகிறார்கள்? 1950களில் உளவியலாளர் சொலமன் ஆஷ் செய்த சோதனைகளில், ஒரு கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்பதுதான் கேள்வி. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் முன்கூட்டியே பேசிவைத்தபடி தவறான கோட்டைக் காட்ட, சோதிக்கப்பட்டவர்களில் முக்காவாசிப் பேர் ஒரு தடவையாவது அவர்களோடு சேர்ந்து தவறினார்கள். கூட ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது, இப்படி ஒத்துப்போவது கால்வாசியாகக் குறைந்துவிட்டது.

மலையகத்துக்கு இந்த விஷயம் சோற்றிலேயே கை வைத்தது 2021 மே மாதத்தில். பத்தாண்டுகளில் படிப்படியாகச் செய்வதாக ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ தேர்தலில் சொன்ன சேதன விவசாயத்துக்கு, இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து நாட்டை ஒரே பாய்ச்சலில் தள்ளினார்கள். விவசாய விஞ்ஞானிகள் வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். ஆனால் எச்சரித்தவர்கள் உரக் கம்பனிகளின் ஆட்களாகப் பார்க்கப்பட்டார்கள். எதிர்ப்பவரின் வாதத்தை விட்டுவிட்டு எதிர்ப்பவரையே சந்தேகிப்பது ஜானிஸ் பட்டியலிட்ட அறிகுறிகளில் ஒன்று.

தேயிலையில் நாம் பறிப்பது இலையை. இலையோடு நைதரசனும் போகிறது. அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நாளுக்கான கிலோ சேராது. கிலோ சேராவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், இல்லை; அரைப்பேர்தான். கொழும்பில் போட்ட கையெழுத்து அந்தக் கூடையில் போய் முடிந்தது. நவம்பரில் தடை தளர்ந்தது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. உரம் கொடுக்காதது தவறு என்று 2022 ஏப்ரலில் கோட்டாபயவே ஒப்புக்கொண்டார்.

ஜானிஸ் சொன்ன எல்லாமே பிந்திய ஆய்வுகளில் தேறவில்லை. என்னைக் கேட்டால், 1985இல் உளவியலாளர்கள் ஸ்டாசரும் டைட்டஸும் கண்டது இன்னும் முக்கியம்: குழுக்கள் எல்லாருக்கும் ஏற்கனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பெரும்பாலும் பேச்சுக்கே வருவதில்லை. எந்த மலையில் செடி மஞ்சளாகிறது என்று முதலில் காண்பது கொழுந்தெடுக்கும் பெண். முடிவெடுக்கும் மேசையில் அவளுக்குக் கதிரை கிடையாது.

1962 ஒக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் தெரியவந்தபோது கென்னடி முறையை மாற்றினார். சில கூட்டங்களுக்குப் போகாமல் இருந்தார். ஆலோசகர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் திட்டத்தை மற்றது குடைய விட்டார். இதெல்லாம் செலவில்லாத வேலை. தலைவர் கடைசியில் பேசலாம், இளையவரிடம் முதலில் கேட்கலாம், பேசுவதற்கு முன் எல்லாரும் துண்டுச் சீட்டில் எழுதலாம். எதிர்த்துப் பேசவென்றே ஒருவரை நியமிக்கும் உத்தியும் உண்டு. ஆனால் உளவியலாளர் சார்லன் நெமெத்தின் சோதனைகளில், எதிர்ப்பவராக நடித்தவரைவிட உண்மையிலேயே உடன்படாதவர்தான் குழுவைப் புதிதாக யோசிக்க வைத்தார்.