தோலில் எழும் தடிப்பும் தொண்டையில் எழும் செருமலும்

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் தங்கையின் மகன், சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், தன் ஏழாம் வயதில், கண்களை அழுத்தி அழுத்திச் சிமிட்டத் தொடங்கினான். சில வாரங்களில் தொண்டைச் செருமலும் சேர்ந்துகொண்டது. மாம்பழச் சூடு என்றார் எங்கள் அம்மா; மாம்பழம் நிறுத்தப்பட்டது. ஆடி பிறந்தபோது செருமல் அடங்கியது. ஆனால் மாம்பழமே கண்ணில் படாத புரட்டாசியில், முன்னைவிடப் பலமாக அது திரும்பி வந்தது. அதன்பின் யாரோ சொல்லக் கேட்டு, ஓர் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று காட்டுவதாகச் சொல்லி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட உணவுகளைப் பட்டியலிட்ட அறிக்கை ஒன்றை வாங்கி வந்தார்கள். அரிசி, உளுந்து, பால், நிலக்கடலை ஆகிய நான்கின் எதிரிலும் சிவப்புக் கட்டம் இருந்தது. இட்லியையும் பாலையும் ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளைக்கு எதைத்தான் கொடுப்பது என்று தங்கை கலங்கி நின்றாள்.

அவளுக்கு முதலில் சொல்ல வேண்டியிருந்தது டிக் பற்றித்தான். கண் சிமிட்டல், தோள் குலுக்கல், செருமல், மூக்குறிஞ்சல் என்று, தேவை எதுவுமின்றித் திரும்பத் திரும்ப வரும் திடீர் அசைவுகளையும் ஒலிகளையும் மருத்துவர்கள் டிக் என்கிறார்கள். அசைவுகளை அனுமதிப்பதும் தடுப்பதுமாக மூளையின் ஆழத்தில் இயங்கும் நரம்புச் சுற்றுகளில் இது பிறக்கிறது. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கும்; பத்து, பன்னிரண்டு வயதில் உச்சம் தொட்டு, பதின்பருவ முடிவில் பலருக்கும் தணியும். தும்மலுக்கு முந்தைய நமைச்சல் போன்ற ஓர் உந்துதல் முதலில் எழுவதாகச் சற்றே வளர்ந்த குழந்தைகள் சொல்வார்கள். இவற்றையெல்லாம்விடப் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது, டிக் ஒரே அளவில் நிற்பதில்லை என்பது. எந்தக் காரணமும் இல்லாமலேயே அது வாரக்கணக்கில் ஏறும், வாரக்கணக்கில் இறங்கும். நாமோ அது மிக மோசமாக ஏறிய வாரத்தில்தான் பதறிப்போய் உணவை மாற்றுகிறோம். அடுத்து அது தானாக இறங்கும்போது, நிறுத்திய உணவின்மேல் பழி விழுகிறது. எங்கள் வீட்டு மாம்பழத்துக்கு நேர்ந்ததும் அதுவே.

ஒவ்வாமை வேறு வழியில் நடப்பது. 1921-இல் பிரவுஸ்னிட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், மீன் ஒத்துக்கொள்ளாத தன் சக ஆய்வாளர் கூஸ்ட்னரின் ரத்தநீரைத் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றையும் செலுத்தினார். அங்கே தடிப்பு எழுந்தது. ரத்தநீரில் இருந்த அந்தப் பொருள் எதுவென்று தெரிய மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1960-களில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் கண்டறிந்த அந்த எதிர்ப்பொருளே (ஆன்டிபாடி) ஐஜிஇ எனப்படுகிறது. இது மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும்; தனக்குரிய புரதம் வந்து பட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். தடிப்பு, அரிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் அதன் விளைவு. ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் புரதம்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நம் ஊர் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து என்பதால், அது ஒவ்வாமையைத் தூண்டுவது அரிது.

ஒவ்வாமை மருத்துவர் செய்யும் தோல் சோதனை இந்த ஐஜிஇ-யைத்தான் தேடுகிறது. சிறுவனின் முன்கையில் பேனாவால் வரிசையாக எண்கள் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துளிச் சாற்றை வைத்து, துளியின் வழியே ஊசி நுனியால் ரத்தம் வராத அளவுக்கு மெல்லக் குத்தினார்கள். ஒரு துளி வெறும் உப்புநீர், இன்னொன்று ஹிஸ்டமின். சோதனை சரியாக வேலை செய்கிறதா என்பதை இந்த இரண்டும் காட்டிக்கொடுக்கும். ஹிஸ்டமின் துளியின் இடம் சில நிமிடங்களில் கொசுக்கடி போல் வீங்கியது. பதினைந்து நிமிடம் கழித்து அளந்தபோது, வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய தூசிப்பூச்சியின் சாற்றை வைத்த இடத்திலும் தடிப்பு இருந்தது. பால், கடலை, உளுந்து இடங்களில் ஒன்றுமில்லை. உப்புநீரின் இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக எழுந்தால்தான் அது கணக்கில் வரும். அப்படி எழுந்தாலும், அந்த உணவைத் தின்று ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு அது ஒவ்வாமை ஆகிவிடாது. ஒன்றும் எழாவிட்டால், உடனடி ஒவ்வாமை இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

அப்படியானால் சிவப்புக் கட்டங்கள்? அந்த அறிக்கை அளந்தது ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளை. நாம் அடிக்கடி உண்ணும் உணவுக்கு உடல் இயல்பாகவே அதை உண்டாக்குகிறது. சேலத்துப் பிள்ளைக்கு அரிசியும் உளுந்தும் பாலும், தட்டுவடையிலும் சட்னியிலும் சேரும் கடலையும் சிவப்பாகக் காட்டியதன் பொருள், அவன் அவற்றை நாள்தோறும் தின்கிறான் என்பதே. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லேயே கூறிவிட்டது. இத்தகைய தாளை நம்பித் தாய்மார் குழந்தைகளின் தட்டைக் காலியாக்குவதைக் காணும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது. சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு வைட்டமின் பி12 பெரும்பாலும் பாலிலிருந்துதான் கிடைக்கிறது. கால்சியமும் பெருமளவு அதிலிருந்தே.

தூசிப்பூச்சிக்கு எழுந்த தடிப்பு வேறு விஷயம், அதைப் பொருட்படுத்த வேண்டும். தூசிப்பூச்சி ஈரப்பதத்தில் செழிக்கும். பனிமூட்டம் நீங்காத ஏற்காட்டு வீடுகளில் அதனோடு பூஞ்சணமும் சேரும். அதனால் கண் அரித்தால் குழந்தை சிமிட்டுவான், மூக்குநீர் பின்புறமாகத் தொண்டையில் இறங்கினால் செருமுவான். அரிப்பு, கண் சிவப்பு, தும்மல் ஆகியவை உடன் இருந்தால் ஒவ்வாமையைத் தேடலாம். டிக் உறக்கத்தில் பெரிதும் அடங்கிவிடும். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பதும் உண்டு. அப்போது ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்தால் அரிப்பு தீரும், டிக் தன் வழியில் தொடரும்.

இத்தனைக்குப் பிறகும் பால்தான் காரணம் என்ற ஐயம் தங்கைக்குத் தீரவில்லை. டிக்கைக் குறைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட உணவு விலக்கு எதுவும் இல்லை. ஆனாலும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு உணவைக் குறித்த காலத்துக்கு மட்டும் நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், தினமும் மாலை வீட்டுப்பாடம் எழுதும் பத்து நிமிடத்தைக் கைப்பேசியில் பதிவு செய்தோம். அடுத்த மூன்று வாரம் பால், தயிர், மோர், நெய், பால்பவுடர் கலந்த பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினோம். பிறகு பால் மீண்டும் வந்தது. நிறுத்தியதைவிடத் திரும்பக் கொடுப்பதுதான் விடை சொல்லும் கட்டம், பெரும்பாலோர் அதைச் செய்வதே இல்லை. உண்மையான ஐஜிஇ ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மட்டும் இதை வீட்டில் செய்யவே கூடாது. சில காலம் நிறுத்திய உணவை மீண்டும் தரும்போது உயிருக்கே ஆபத்தான எதிர்வினை வரலாம், எனவே அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது. எந்தப் பதிவு எந்த வாரத்தது என்று தெரியாத பக்கத்து வீட்டு அக்கா செருமல்களை எண்ணிக் குறித்தார்.

இதற்கிடையே அவனுக்கு நடத்தைப் பயிற்சியும் தொடங்கியிருந்தது. உந்துதல் எழுவதை உணர்ந்து, செருமுவதற்குப் பதில் வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சுவிடப் பழக்கும் முறை அது. 126 குழந்தைகளிடம் நடந்து 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இவ்வகைப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் நல்ல முன்னேற்றம் கண்டனர். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே முன்னேறினர்.

அக்கா எண்ணிய தாளைத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். செருமல் மிக அதிகமாக இருந்தது பால் நிறுத்தப்பட்டிருந்த மூன்றாம் வாரத்தில். அது அரையாண்டுத் தேர்வு நடந்த வாரம். பால் திரும்பி வந்த வாரத்தில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது, அப்போது பள்ளி விடுமுறை.