கண்ணுக்குப் பழகிய மைதானம்

2004-ல் யூட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி, ஆடிய 12 ஆட்டங்களிலும் ஜெயித்தது. அதன் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித். பந்தைக் கையில் வாங்கி, அதை யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். அந்தப் பருவத்தில் அவர் எறிந்தவற்றில் 32 டச்டவுன் ஆயின, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்தன. எதிரணி பறித்தது வெறும் 4. மறுவருடம் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-லின் வீரர் தேர்வில் சான் பிரான்சிஸ்கோ அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. அந்தப் பருவம் முடிந்தபோது கணக்கு தலைகீழ்: டச்டவுன் 1, பறிபோனவை 11.

அதே தோள், அதே கை. வயது 21. இப்படித் தடுமாறுகிறவர்களை அங்கே ‘பஸ்ட்’ (bust, வீணாய்ப்போனவர்) என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். அந்தச் சொல்லை என்னால் ஏற்கவே முடியவில்லை. கோளாறு பெரும்பாலும் கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது.

1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் செஸ் ஆட்டக்காரர்களுக்குப் பலகையை 5 வினாடி காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தின் நடுவில் எடுத்த நிலை என்றால் வல்லவர்கள் புதியவர்களைவிட எங்கோ முன்னே நின்றார்கள். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்தபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. வல்லவர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை, பழகிய கோலங்களைப் பார்க்கிறார். கோலம் மாறினால் அவரும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதுதான்.

கல்லூரியிலிருந்து லீகுக்குப் போகும்போது கோலம்தான் மாறுகிறது. மைதானத்திலேயே பாருங்கள். இரண்டிலும் அகலம் 160 அடி. நடுவே நீளவாக்கில் இரண்டு வரிசைக் கோடுகள் உண்டு. ஒவ்வொரு முறை பந்தை எடுத்து ஆடுவதும் அவற்றுக்கு இடையிலோ அவற்றின் மேலோதான் தொடங்கும். கல்லூரியில் அந்த வரிசைகளுக்கு இடையே 40 அடி. பந்து ஒரு கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த அகலப் பக்கத்தைக் காக்கத் தடுப்பாட்டக்காரர்கள் முன்கூட்டியே அங்கே சாய்ந்து நிற்பார்கள், அதிலேயே அவர்கள் திட்டம் பாதி தெரிந்துவிடும். என்.எஃப்.எல்-லில் இடைவெளி பதினெட்டரை அடிதான். பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில். இரு பக்கமும் சமமாக நின்றுகொண்டு, கடைசி நொடிவரை திட்டத்தை மறைக்கலாம்.

யூட்டாவில் ஸ்மித் பந்தைச் சில கஜம் பின்னால் நின்று வாங்குவார். எதிரணி முழுக்கக் கண்ணெதிரே இருக்கும். பல முறை ஒரே ஒரு தடுப்பாளரின் அசைவைப் பார்த்து முடிவெடுத்தால் போதும். சான் பிரான்சிஸ்கோவிலோ, பந்தைக் கொடுப்பவரின் முதுகோடு ஒட்டி நின்று வாங்கிப் பின்வாங்க வேண்டும். சில முறை பந்தை வேறொருவரிடம் கொடுப்பதுபோல் பாசாங்கு செய்ய, எதிரணிக்கு முதுகையே காட்ட வேண்டும். திரும்பிப் பார்க்கும்போது எதிரே நின்றவர்கள் இடம் மாறியிருப்பார்கள். முன்னால் பாய்ந்து வருவார் என்று நினைத்த பெரிய ஆள் பின்னால் போய், பந்து வரும் வழியில் நிற்பார்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு கணம் செலவானால் என்ன ஆகும்? அங்கே பின்னால் காவல் நிற்பவர்களில் பலர் 40 கஜத்தை நாலரை வினாடியில் கடப்பவர்கள். சராசரியாக வினாடிக்கு 26 அடிக்கும் மேல். குவார்ட்டர்பேக் 0.2 வினாடி தயங்கினால் அவர்கள் 5 அடி நெருங்கிவிடுவார்கள். கல்லூரியில் இந்தத் தயக்கம் மன்னிக்கப்படும், ஏனென்றால் வாரம் ஒரு அணி என்று வரும் எதிராளிகள் எல்லோருமே அவ்வளவு வேகமானவர்கள் அல்லர். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட முதல்நிலைக் கல்லூரி அணிகளிலிருந்து சலித்தெடுத்தவர்கள்தான் 32 தொழில்முறை அணிகளில் இருக்கிறார்கள். ஸ்மித் முதன்முறை தொடக்கத்திலிருந்தே ஆடியது இண்டியானாபோலிஸ் அணிக்கு எதிராக. 4 பந்துகள் பறிபோயின. 28-3 என்று தோல்வி.

அப்புறம், சேரும் இடம். போன வருடம் மோசமாக ஆடிய அணிக்குத்தான் தேர்வில் முதல் வாய்ப்பு. சான் பிரான்சிஸ்கோ 2004-ல் 16 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு. ஸ்மித்தின் முதல் 5 ஆண்டுகளில் தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளர்கள் 5 பேர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம், தனிக் குறிச்சொற்கள். ஒரு கோலம் கண்ணில் பதியுமுன்னே அடுத்தது வந்துவிடும். இவ்வளவுக்கும் நடுவே அவர் தாக்குப்பிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

அவருக்குக் கண் பழகத்தான் செய்தது, வருடங்கள் பிடித்தன. 2013-ல் கான்சஸ் சிட்டி அணிக்குப் போனார். 2017-ல் அந்த அணி டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு இளைஞரை எடுத்தது. அவரும் கல்லூரியில் பந்தை எறிந்து தள்ளியவர். ஆனால் அவரை உடனே களத்தில் இறக்கவில்லை. ஸ்மித் ஆட, அவர் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்து பார்த்தார். கடைசி ஆட்டம் ஒன்றில்தான் தொடக்கத்திலிருந்து ஆடினார். அவர் பெயர் பாட்ரிக் மஹோம்ஸ். அடுத்த பருவத்தில் அவர் எறிந்த டச்டவுன்கள் 50.