ஒரே ஒரு பள்ளியை எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள்

இந்த வருடமும் அதே கதை வந்துவிட்டது. இடைநிலைப் பள்ளி விண்ணப்பப் படிவத்தில் ஆறு பள்ளி எழுத இடம், முதலாவதில் ஒரு கிராமர் பள்ளி (நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரச பள்ளி), மற்ற ஐந்தும் வெறுமை. பிள்ளை தேர்வில் பாஸ், ஆனால் இடம் கிடைக்கவில்லை. மார்ச் மாதம் வந்த ஈமெயிலில் இருந்தது இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய, அவர்கள் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு பள்ளி. வீட்டுக்குப் பக்கத்திலே நல்ல பள்ளி ஒன்று இருக்கிறது, எழுதியிருந்தால் கட்டாயம் கிடைத்திருக்கும். ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "வேறு பள்ளியும் எழுதினால் இவர்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்துக் கிராமர்காரர்கள் எங்களைத் தள்ளிவிடுவார்கள் என்று சொன்னார்கள்" என்கிறார் அப்பா. யார் சொன்னது? வாட்ஸ்அப்பில் ஒருவர். அந்த ஒருவரை நான் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் லண்டனில் ஒரு கவுன்சிலின் பள்ளி அனுமதிப் பிரிவில் வேலை செய்கிறேன். தமிழ்ப் பெயர் என்று கண்டால் ஃபோனை என் மேசைக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் மார்ச் தொடக்கத்தில் நான் கதைப்பதெல்லாம் அழுதுகொண்டிருக்கும் அம்மாமாரோடுதான், அதில் பாதிப் பேருடைய அழுகை ஒக்டோபரிலேயே தவிர்த்திருக்கக்கூடியது. இயர் 6இல், அதாவது ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பில், பிள்ளை இருக்கிற எல்லாரும் இதை வாசியுங்கள். இயர் 5 என்றால் இன்னும் நல்லது. இங்கிலாந்து முழுவதற்கும் கடைசித் திகதி ஒக்டோபர் 31, முடிவு வரும் நாள் மார்ச் 1, அது வார இறுதியில் விழுந்தால் அடுத்த வேலை நாள். லண்டனில் ஆறு பள்ளி எழுதலாம், வெளியே பல இடங்களில் மூன்றோ நாலோ ஐந்தோ. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் இதை வாசித்துக் குழம்பவேண்டாம், அங்கே முறை வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது. திரும்பவும் சொல்கிறேன், தெரியாது. நீங்கள் ஆறு பள்ளி எழுதினால் அந்த ஆறு பள்ளியின் பட்டியலிலும் உங்கள் பிள்ளையின் பெயர் போகும், முதலாவதாக எழுதியதா ஆறாவதாக எழுதியதா என்ற விவரம் போகாது. ஒவ்வொரு பள்ளியும் தன் முன்னுரிமை விதிப்படி பிள்ளைகளை வரிசைப்படுத்தும்: அரச பராமரிப்பில் இருக்கிற, அல்லது முன்பு இருந்த பிள்ளைகள் முதலில், பிறகு பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே படிக்கும் சகோதரம் உள்ளவர்கள், பிறகு தூரம், அப்படிப் போகும். வரிசைப்படுத்திய பட்டியல் கவுன்சிலுக்குத் திரும்பி வந்த பிறகுதான் உங்கள் விருப்ப வரிசையைக் கம்ப்யூட்டர் பார்க்கும். மூன்று பள்ளி உங்கள் பிள்ளைக்கு இடம் தரக்கூடியதாக இருந்தால், அந்த மூன்றில் நீங்கள் மேலே எழுதியது எதுவோ அது உங்களுக்கு, மற்ற இரண்டும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவ்வளவுதான்.

இதை ஒரு கணக்காகச் சொன்னால் விளங்கும். நீங்கள் கிராமரை முதலாவதாகவும் வீட்டுக்கு 400 மீட்டரில் இருக்கும் பள்ளியை இரண்டாவதாகவும் எழுதுகிறீர்கள். பக்கத்துத் தெருக்காரர் அதே பள்ளியை முதலாவதாக எழுதுகிறார், அவர் வீடு 900 மீட்டர். உங்களுக்குக் கிராமர் கிடைக்கவில்லை. இப்போது அந்தப் பள்ளியில் யார் முன்னுக்கு? நீங்கள். அவர் முதலாவதாக எழுதியதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. கிராமரை மேலே எழுதியதால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. அதே மாதிரி, பக்கத்துப் பள்ளியைக் கீழே எழுதியதால் கிராமர்காரர்களுக்குக் கோபமும் வராது, ஏனென்றால் அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டையும் எழுதாமல் ஒன்றை மட்டும் எழுதுவதால் அந்த ஒன்றுக்கான வாய்ப்பு ஒரு துளிகூட அதிகரிக்காது. அது இல்லையென்றால் மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்து முடித்தபின் எங்கே வெற்றிடம் இருக்கிறதோ அந்தப் பள்ளிதான் வரும். மேலே சொன்ன பிள்ளைக்கு நடந்தது அதுதான்.

இந்தக் கதை முழுப் பொய்யிலிருந்து வந்ததல்ல, அதையும் ஒத்துக்கொள்கிறேன். முன்பு சில பள்ளிகள் தங்களை முதலாவதாக எழுதியவர்களைத்தான் முதலில் எடுத்தன. அரசின் பள்ளி அனுமதி விதிக்கோவை 2007இல் அதைத் தடை செய்துவிட்டது. அதற்கு முன் பிள்ளையைச் சேர்த்த மாமாமார், பெரியம்மாமார் இன்னமும் அந்தக் காலத்து அறிவுரையைத்தான் தந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது கல்யாணம் கட்டிவிட்டார்கள். தயவுசெய்து அவர்களிடம் வேறு எதையாவது கேளுங்கள்.

அப்புறம் கிராமர். இங்கிலாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அரச இடைநிலைப் பள்ளிகளில் கிராமர் பள்ளிகள் 163தான். ஆனால் எங்கள் ஆட்களின் கதையைக் கேட்டால் மிச்சமெல்லாம் பள்ளிக்கூடமே இல்லை என்பதுபோல இருக்கும். சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், ரெட்பிரிட்ஜ், பெக்ஸ்லி என்று எங்கே இருந்தாலும் மூன்று விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் பதிவது தனி, அது கோடையிலேயே முடிந்துவிடும், செப்டெம்பரில் வந்து "இப்போது பதியலாமா" என்று கேட்டால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது. தேர்வு எழுதியது விண்ணப்பம் ஆகாது. பிள்ளை எவ்வளவு புள்ளி எடுத்திருந்தாலும் அந்தப் பள்ளியின் பெயர் உங்கள் கவுன்சில் படிவத்தில் இல்லையென்றால் இடம் இல்லை. பாஸ் என்பது தகுதி மட்டும்தான், தகுதி பெற்ற பிள்ளைகள் இடங்களைவிட அதிகம், அதற்குப் பிறகு புள்ளி வரிசையோ தூரமோ முடிவு செய்யும். தேர்வு முடிவு பொதுவாக ஒக்டோபர் 31க்கு முன்பே வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலை மாற்றி எழுத நேரம் இருக்கிறது. டியூஷனுக்கு இரண்டு வருடம் காசு கொட்டியவர்கள் படிவத்துக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கமாட்டேன் என்கிறார்கள்.

பட்டியலில் ஒரு பள்ளியாவது உங்கள் வீட்டுத் தூரத்துக்கு நிச்சயம் கிடைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கடந்த வருடங்களில் எவ்வளவு தூரம் வரை இடம் கொடுத்தார்கள் என்ற விவரம் கவுன்சில் கையேட்டில் இருக்கும், பாருங்கள். அது வருடத்துக்கு வருடம் மாறும். சகோதரம் அதிகமாக வரும் வருடம், பள்ளிகளைப் பரிசோதிக்கும் ஒஃப்ஸ்டெட் நல்ல அறிக்கை கொடுத்த வருடம், தூரம் சட்டென்று சுருங்கிவிடும், அதனால் போன வருட எல்லைக்கு ஒட்டி இருப்பவர்கள் அதை நம்பி இருக்காதீர்கள். தூரத்தைப் பெரும்பாலும் நேர்கோட்டில், கவுன்சிலின் சொந்த அளவை முறையில் எடுப்பார்கள். உங்கள் ஃபோன் வரைபடத்தை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அனுப்பவேண்டாம். பள்ளி வேறு பரோவில் (வேறு கவுன்சிலின் பகுதியில்) இருந்தாலும் விண்ணப்பம் நீங்கள் வசிக்கும் கவுன்சில் ஊடாகத்தான். அந்தப் பரோக்காரர் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு முன்னுரிமை கொடுக்க முடியாது என்று 1989ஆம் ஆண்டு கிரீனிச் வழக்கின் தீர்ப்பு சொல்லிவிட்டது, ஆகவே பரோ எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஊர்ப் பழக்கம் ஒன்று இன்னும் போகவில்லை. தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து அதிபரோடு கதைத்துப் பார்ப்பது, நன்கொடை பற்றி நாசூக்காக ஒரு வார்த்தை போட்டுப் பார்ப்பது. இங்கே இடத்துக்காக நன்கொடை கேட்கவும் கூடாது, விடுதிப் பள்ளி தவிர வேறெங்கும் பிள்ளையையோ பெற்றோரையோ நேர்முகம் கண்டு முடிவு செய்யவும் கூடாது, விதியிலேயே இருக்கிறது. பரதநாட்டியச் சான்றிதழ், கராத்தே பெல்ட் படம், தமிழ்ப் பள்ளிப் பரிசு, வகுப்பு ஆசிரியரின் கடிதம் எல்லாம் சேர்த்து ஒரு கட்டாக வரும். பிள்ளையை நினைக்கப் பெருமையாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஒன்றையும் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. சில பள்ளிகள் இசை, விளையாட்டு போன்ற துறைகளில் நூற்றுக்குப் பத்து வீதம் வரை திறன் பார்த்து எடுக்கும். அதற்கும் அவர்களுடைய சோதனைக்குப் பிள்ளை போகவேண்டும், சான்றிதழ் போதாது.

முகவரி. இதைப் பற்றி எழுதவே எனக்குக் களைப்பாக இருக்கிறது. சித்தப்பா வீட்டு முகவரி, கடை மேல்மாடி முகவரி, மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்த வாடகை வீடு. கவுன்சில் வரிப் பதிவு எங்கள் கையிலேயே இருக்கிறது, சந்தேகம் வந்தால் வேறு பதிவுகளையும் பார்ப்போம், வீட்டுக்கும் வருவார்கள். 2009இல் ஹரோவில் ஒரு தாய்மேல் கவுன்சில் மோசடிச் சட்டத்தின்கீழ் வழக்கே போட்டது, பிறகு வாபஸ் வாங்கியது. வழக்கு வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பொய் முகவரியில் கிடைத்த இடத்தை, சீருடை எல்லாம் வாங்கிவைத்த பிறகும், ஏன் பிள்ளை போகத் தொடங்கிய பிறகும்கூட, பறிக்கலாம். அந்த நேரத்தில் பக்கத்துப் பள்ளிகளில் இடம் இருக்காது. உண்மையாகவே வீடு மாறுகிறீர்கள் என்றால் பயப்படவே தேவையில்லை. கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைக் காட்டிச் சொல்லுங்கள், எந்தத் திகதிக்குள் காட்டவேண்டும் என்பது ஒவ்வொரு கவுன்சிலுக்கும் வேறு.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு: சமயப் பள்ளிகளுக்குக் கவுன்சில் படிவம் மட்டும் போதாது. பள்ளியின் தனி மேலதிகப் படிவம் ஒன்று இருக்கும், அது நேரே பள்ளிக்குப் போகவேண்டும், ஞானஸ்நானச் சான்றிதழும் பெரும்பாலும் பங்குத்தந்தையின் கையொப்பமும் கேட்பார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பங்கள்கூட இந்த ஒரு தாளால் பட்டியலின் அடியில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். சாமியாரிடம் ஒக்டோபர் கடைசி வாரம் போய் நிற்காதீர்கள், அவருக்கும் வரிசை இருக்கும். மருத்துவக் காரணம் சொல்லிக் கேட்பவர்கள், "பிள்ளைக்கு ஆஸ்துமா" என்று ஒரு வரிக் கடிதம் கொண்டுவந்தால் பயன் இல்லை. ஏன் இந்தப் பள்ளி மட்டும்தான் பொருந்தும் என்று மருத்துவர் எழுதவேண்டும், அதுவும் முடிவுத் திகதிக்குள். சிறப்புத் தேவைக்கான ஈஎச்சிபி திட்டம் உள்ள பிள்ளைகளுக்கு வழியே வேறு, அந்தத் திட்டத்தைப் பார்க்கும் அலுவலரோடு கதையுங்கள். பள்ளியின் பெயர் திட்டத்தில் பெப்ரவரி 15க்குள் வந்துவிடவேண்டும்.

லண்டனில் ஒன்லைனில் விண்ணப்பிக்கும் போர்ட்டலில் சேவ் பண்ணுவது அனுப்புவது ஆகாது. சப்மிட் அழுத்துங்கள், விண்ணப்ப எண்ணோடு ஈமெயில் வரவேண்டும், வராவிட்டால் நீங்கள் விண்ணப்பிக்கவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு எழுத்து மாற்றினாலும் திரும்பவும் சப்மிட். ஒக்டோபர் கடைசி வாரம் பெரும்பாலும் அரைத்தவணை விடுமுறை, பிள்ளையின் பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும், உதவி கேட்க ஆள் இருக்காது, அதனால் விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிந்தி வந்த விண்ணப்பத்தை நேரத்துக்கு வந்த எல்லாவற்றையும் பார்த்தபிறகுதான் தொடுவோம். உங்கள் வீட்டுக் கதவிலிருந்து பள்ளி தெரிந்தாலும் அப்படித்தான். ஆங்கிலம் கஷ்டம் என்றால் கூச்சப்படாமல் கவுன்சிலுக்கு ஃபோன் எடுங்கள், உதவிக்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. படிவம் நிரப்பக் காசு கேட்கிறவர்களிடம் போகாதீர்கள்.

கடைசியாக மார்ச் மாதம். லண்டனில் முடிவு மாலையில் ஈமெயிலுக்கு வரும். பிடிக்காத பள்ளி வந்தால் கோபத்தில் "வேண்டாம்" என்று அழுத்திவிடாதீர்கள். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்வதால் காத்திருப்புப் பட்டியலிலோ மேன்முறையீட்டிலோ உங்களுக்கு ஒரு குறையும் வராது. மறுத்தால் அதைவிட நல்லது தேடித் தருவோம் என்பதும் கிடையாது, கையில் இருந்ததும் போய்விடும், செப்டெம்பரில் பிள்ளை வீட்டில். காத்திருப்புப் பட்டியலில் முதலில் சேர்ந்தவர் முதலில் என்று இல்லை, அங்கேயும் அதே முன்னுரிமை விதிதான், ஒருவர் புதிதாகச் சேர்ந்தால் நீங்கள் நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்கு இறங்கலாம். அதற்காக என்னை ஏசவேண்டாம். பட்டியல் குறைந்தது டிசெம்பர் 31 வரை இருக்கும், கோடையில் ஆட்கள் வீடு மாறும்போது நன்றாக அசையும். மேன்முறையீட்டுக்குக் குறைந்தது 20 பள்ளி நாள் அவகாசம் உண்டு, அதில் "எங்கள் பிள்ளை கெட்டிக்காரன்" என்று எழுதுவதைவிட அந்தப் பள்ளியில் என்ன இருக்கிறது, அது இந்தப் பிள்ளைக்கு ஏன் தேவை என்று எழுதுங்கள். ஈமெயிலில் சொன்ன திகதிக்குள் முதலில் இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு எனக்கு ஃபோன் பண்ணுங்கள்.