மூன்று கார்

போன வாரம் பிரான்ஸிலிருந்து ஒரு மாணவி அழைத்தார். "காரில் வருகிறேன்" என்று தோழிக்குப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, வாடகைக் காரில் போய் வாசலில் இறங்கியிருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. தோழியோ பேருந்து நிலையத்தில் காத்திருந்தார்.

இந்தக் கதையை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! பிரெஞ்சில் 'கார்' என்றால் ஊர்விட்டு ஊர் போகும் பேருந்து. நாம் சொல்லும் கார், 'வுவாத்யூர்'. முதல் மாதத்திலேயே நடத்திவிடும் பாடம் இது.

மாணவர்களின் நோட்டைத் திறந்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. எச்சரித்தும் கேட்காமல், உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். பேருந்துக்கு நேரே 'கார்'. ரயில் நிலையத்துக்கு நேரேயும் 'கார்'! 'காற்று' என்பதில் வரும் க ஒலித்தால் பேருந்து. 'காந்தி' என்பதில் வரும் க ஒலித்தால் ரயில் நிலையம். இரண்டுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே எழுத்து. வீட்டில் உட்கார்ந்து அந்த நோட்டை நூறு முறை படித்தாலும் வேறுபாடு காதில் ஏறாது, தவறுதான் உறுதிப்படும். 'பியூஸ்' என்று எழுதியிருப்பார்கள். 'பஸ்' என்பதில் வரும் ப ஒலித்தால் நகரப் பேருந்து. 'பல்' என்பதில் வரும் ப ஒலித்தால் அது தெள்ளுப்பூச்சி! தமிழ் எழுத்தின் குறையல்ல இது. பிரெஞ்சு ஒலிகளுக்காக அது உருவாகவில்லை, அவ்வளவுதான். கட்டுரைக்காக நானும் இங்கே தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. தயவுசெய்து இதைப் பார்த்து உச்சரிக்காதீர்கள். ஒலிப்பதிவைக் கேளுங்கள், வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள், அதன் பிறகு பிரெஞ்சு எழுத்தைப் பாருங்கள்.

சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். பிரெஞ்சில் ரயில் ஆண்பால், நாம் சொல்லும் காரான 'வுவாத்யூர்' பெண்பால். பாலைக் காட்ட முன்னால் வரும் சிறு சொல்லோடு சேர்த்தே படியுங்கள். எதில் போகிறோம் என்று சொல்லும்போதும் முன்னால் ஒரு சிறு சொல் வரும். உள்ளே உட்கார்ந்து போகும் வண்டிக்கு 'ஆன்'. நடை, சைக்கிள், குதிரைக்கு 'ஆ'. சைக்கிளுக்கும் 'ஆன்' போடும் பிரெஞ்சுக்காரர்கள் உண்டு. தேர்வுத்தாளில் நீங்கள் போடாதீர்கள்.

ரயில் டிக்கெட்டிலும் 'வுவாத்யூர் 14' என்று இருக்கும். அங்கே அது பெட்டி எண். அதிவேக ரயில்களில் இரண்டு பெட்டித் தொடர்கள் இணைந்து ஓடி, வழியில் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போவதுண்டு. எண்ணைப் பார்க்காமல் கிடைத்த பெட்டியில் ஏறிவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று. 'கார் து லியோன்' என்ற ரயில் நிலையம் பாரிஸில் இருக்கிறது. லியோன் நகருக்குப் போய் அதைத் தேடாதீர்கள். அந்த ஊரின் பெரிய நிலையத்துக்குப் பெயர் 'பார்தியூ'.